நீலத்தை மிதித்துப் போனவர்கள்

வேலுத்தாய் வாசலில் எழுதிய எழுத்து வெள்ளையிலிருந்து நீலமாகி, தானாகவே தனக்கு ஒரு அடிக்கோடும் இழுத்துக்கொண்ட அன்றைக்கு வெங்கலப்பட்டியில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. வழக்கம்போலக் குழாயில் தண்ணீர் வரவில்லை, வழக்கம்போல முதல் பஸ் கீழக்காலனி ஆட்கள் ஓடி வந்து சேர்வதற்குள் கிளம்பிப் போய்விட்டது, வழக்கம்போலத் தீப்பெட்டி ஆபீசில் நேரங்கழித்து வந்தவர்களை வெளியே நிறுத்திவைத்தார்கள். பஸ் தப்பிப் போனதற்கும் நீலத்துக்கும் மட்டும் சம்பந்தம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் நின்றது.

அந்தச் சுவரைக் கட்டினவர்கள் காலனிக் கொத்தனார்கள்தான். கல்யாண மண்டபத்துக்குக் காம்பவுண்டு என்று சொல்லி வேலைக்குக் கூப்பிட்டார்கள், இவர்களும் மேலத்தெருப் பக்கம் நின்றுகொண்டு, கலவையை நன்றாகக் குழைத்து, தூக்குக்குண்டு பிடித்து நூல் பிசகாமல் கட்டினார்கள், அதிலும் வேலுத்தாயின் புருசன் கருத்தமுத்து பூசினால் பூச்சில் முகம் பார்க்கலாம் என்பார்கள், அப்பேர்ப்பட்ட வேலைக்காரன், அவனும் அன்றைக்குத் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு கரண்டியைக் கழுவிச் சட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகத் திரும்பினான். திரும்பினால் வீட்டுக்குப் போகிற வழி சுவருக்குள் போயிருந்தது. கட்டின ஆட்கள் எல்லாரும் கட்டின சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஓடையில் இறங்கி, கண்மாய்க்கரை ஏறி, சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அன்றையிலிருந்து காலனிக்கு அதுதான் பாதை. பஸ்ஸுக்கு அது, பள்ளிக்கூடத்துக்கு அது, ரேஷனுக்கு அது. மனு கொடுத்தார்கள். மனு போன இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மண்டபம் மட்டும் இன்றுவரைக்கும் கட்டப்படவில்லை.

அப்புறம் கருத்தமுத்துவின் தங்கச்சி செம்பகத்துக்கு இடுப்புவலி வந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள், வண்டியும் விரசாகத்தான் வந்தது, வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஊதிக்கொண்டே இருந்தது. டிரைவர் போனில் வேலுத்தாயிடம் பேசினான். எங்க மேப்புல தெரு இங்கனயே முடியுதுக்கா, இதுக்கு அங்கிட்டு வெறும் பொட்டல்னு காட்டுது, நீங்க எங்கருந்து பேசுறீங்க என்று கேட்டான். செம்பகம் கண்மாய்க்கரையில் ஆட்டோவுக்குள் பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். காலனியே அதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னது. வேலுத்தாய் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குள் அந்த டிரைவரின் கேள்வி ஒரு மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. நீங்க எங்கருந்து பேசுறீங்க. போனுக்குள் தெருவை எழுதுகிறவர்கள் யார், அவர்கள் எழுதினால்தான் நாம் இருக்கிறோமா, அப்படியானால் அந்த எழுத்தை எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று சாத்தூரில் போன் ரிப்பேர் கடைக்காரனிடம் கேட்டாள். அவன் சிரித்தான். அதுக்கெல்லாம் பெரிய படிப்பு படிக்கணும்க்கா என்றான். சிரித்துவிட்டானே என்ற ஒன்றுக்காகவே அவள் பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்குள் நுழைந்து, எடைக்குப் போட்டிருந்த குவியலைக் கிளறி, இன்டர்நெட்டில் வெப் பக்கம் எழுதப் பழகுகிறவர்களுக்கான முதல் புத்தகம் ஒன்றை உருவி எடுத்தாள். அட்டையில் டை கட்டின ஒருவன் பெட்டி மாதிரிக் கம்ப்யூட்டரைக் காட்டி இளித்துக்கொண்டிருந்தான். பின்பக்கம் கொஞ்சம் எலி தின்றிருந்தது.

வேலுத்தாய் எட்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தைப் பிரித்ததும் அவளைப் பிடித்து நிறுத்தியது பாடம் அல்ல, அது அவளோடு பேசிய மரியாதை. "நீங்கள் இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் உங்கள் முதல் பக்கத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்" என்று போட்டிருந்தது. நீங்கள். மேலத்தெருவில் பால்பல் விழாத பிள்ளைகூட அவளை ஏ வேலு என்றுதான் கூப்பிடும். முகம் தெரியாத ஒரு புத்தகம், எடைக்கு விற்ற புத்தகம், நீங்கள் என்கிறது. அதற்காகவே அதைப் படித்துவிடுவது என்று முடிவுசெய்தாள்.

தீப்பெட்டி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், மருந்து நெடிக்கு நடுவில், விரலில் பசை காயக் காயப் படித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலை என்று ஒன்றும் உடம்பு என்று ஒன்றும் உண்டு, தலைக்குள் இருப்பது வெளியே தெரியாது, உடம்பில் இருப்பதுதான் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்று முதல் பாடம் சொன்னது. மனுசருக்கும் அதேதானே, இதைச் சொல்ல ஒரு புத்தகமா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். எதைச் சொல்வதானாலும், கணக்கில் வருகிற பெரியது சிறியது குறி மாதிரி, ஒரு கொக்கி போட்டு ஆரம்பித்து, சொல்லி முடித்ததும் சாய்கோடு வைத்த இன்னொரு கொக்கியால் மூட வேண்டும் என்றது அடுத்த பாடம். ரமேஷ் என்ற பையன் தனக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்று எழுதின பக்கம் உதாரணமாக இருந்தது. வேலுத்தாய் ரமேஷை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். கிரிக்கெட்டை அடித்துவிட்டுக் கீழக்காலனி என்று எழுதினாள். கம்ப்யூட்டர் கிடையாது, ஆகையால் தீப்பெட்டி லேபிளின் வெள்ளைப் புறத்தில் எழுதினாள், லேபிள் தீர்ந்ததும் வாசல் தெளித்துக் கோலமாவால் எழுதினாள். கோலத்தில் இழை விட்டுப்போனால் எந்த இடத்தில் விட்டது என்று கண் சொல்லிவிடும், கொக்கி விட்டுப்போனாலும் அதே கண் சொல்லிவிட்டது. வேலுத்தாய் வாசலில் இங்கிலீசில் கோலம் போடுகிறாள், நாளைக்குத் துரை வந்து பொங்கல் வைப்பார் என்று எதிர்வீட்டில் பேசிச் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகம் அவளை நீங்கள் என்றுகொண்டே இருந்தது.

இணைப்புப் பாடம் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற வழி அது. போக வேண்டிய விலாசத்தைக் கொக்கிக்குள் எழுதி, கண்ணுக்குத் தெரிய வேண்டிய சொல்லை அடுத்து எழுதி, மூடினால் சொல் நீலமாக மாறி அடிக்கோடு வாங்கிக்கொள்ளும், அதைத் தொட்டால் போய்விடலாம், ஒரு தடவை போய்வந்தவர்களுக்கு அதே நீலம் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும் என்று போட்டிருந்தது. வேலுத்தாய் விலாசத்தில், பஸ் நிற்கிற கடைத்தெரு வேப்பமரம் என்று எழுதினாள். கண்ணுக்குத் தெரிய, வழி என்று எழுதினாள். மூடினாள். நீலமானது. ஓரத்தில் சிந்தின மாவைக் கால் பெருவிரலால் தள்ளப் போனவள், முடிகூட முடியாத தலையோடு, கையில் கோலமாவு டப்பாவோடு, வேப்பமரத்தடியில் நின்றாள். எதிரே பஸ் நின்றது. ஏறுறியா, இல்ல வேடிக்கை பாக்க வந்தியா என்று கண்டக்டர் கேட்டார்.

அவள் ஏறவில்லை. ஓடை இறங்கி, கண்மாய் ஏறி, சுடுகாடு சுற்றி வீடு வந்து சேர்ந்தபோது அடுப்பில் சோறு தீய்ந்திருந்தது. எங்கே போனாய் என்று கருத்தமுத்து கேட்டான். பஸ் ஸ்டாப்புக்கு என்றாள். சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டுவிட்டு அவன் தீய்ந்ததைத் தள்ளிச் சாப்பிட்டான்.

இது எப்படி நடந்தது என்று காலனியில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருந்தன. முதல் நாள் செம்பகத்தின் ஆடு அதை மிதித்துப் போய்க் கடைத்தெருவில் வாழைத்தாரைத் தின்றுவிட்டு அடி வாங்கிக்கொண்டு வந்தது, ஆகவே நீலத்தைச் சுற்றி முள் வைக்க வேண்டியிருந்தது. யார் முன்னால் போவது என்று சண்டை வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில், தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் அடுத்து, சும்மா டீக் குடிக்கப் போகிறவர்கள் கடைசி என்று காலனிப் பெரியவர் சங்கிலி வரிசை கட்டினார். நிறத்தில் தகராறு வந்தது. போய்வந்தவர்கள் கத்தரிப்பூ என்றார்கள், போகாதவர்கள் நீலம் என்றார்கள், ஒரு புருசன் பெண்டாட்டி இதனாலேயே பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு பெண்டாட்டி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிதித்துப் போனதும் சமாதானம் ஆனார்கள். கொஞ்ச நாளில் நீலத்துக்குப் பக்கத்தில் யாரோ குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். வேலுத்தாய் அதைத் தள்ளிவைத்தாள். இது சாமியில்ல, பாடம் என்றாள்.

ஒரு வழிதான் அது. போகலாம், அதில் திரும்பி வர முடியாது. வருகிறவர்கள் ஓடையும் கண்மாயும் சுற்றித்தான் வந்தார்கள். திரும்பி வர வேண்டும் என்றால் அந்தப் பக்கமும் ஒன்று எழுத வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, வேலுத்தாயும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள், கடைசிக் கொக்கியை மூடுவதற்குள் டீக்கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வந்து விழுந்தது. மறுநாள் இன்னொரு வாளி.

ஆனால் அவள் நெஞ்சைக் குத்தினது வாளித் தண்ணீர் இல்லை. எழுத்தைக் காலால் மிதிப்பது பாவம் என்று அத்தனை பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பேப்பர் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய உபகாரம் செய்கிற எழுத்தை எப்படி மிதிப்பது என்று, காலனி ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து, எழுத்தைத் தொட்டுக் கும்பிடப் போனார்கள். தொட்டதுமே போய்விட்டார்கள். எந்தக் கோலத்தில் தொட்டார்களோ அந்தக் கோலத்திலேயே கடைத்தெருவில் போய் நின்றார்கள். காலையில் மேலத்தெருக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கையில் அவர்கள் முன்னால் காலனி ஆட்கள் ஒவ்வொருவராக, செருப்பைக் கையில் பிடித்து, முதுகை வளைத்துக் கும்பிட்டபடி தோன்றினார்கள். மேலத்தெருவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் இந்த மாதிரிப் பணிவு இருந்தது, நடுவில் கெட்டுப்போயிருந்தது, இப்போது திரும்பி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வரதப்பன் நாற்காலி கொண்டுவரச் சொல்லி மரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். எப்படி வருகிறார்கள் என்று அவர் விசாரிக்கவே இல்லை. குனிந்து வருகிறார்கள், அது போதும்.

வேலுத்தாய் ஒருநாள் முன்னால் போய் ஓரமாக நின்று இதைப் பார்த்தாள். சங்கிலி, எழுபது தாண்டின மனுசர், வளைந்த முதுகோடு வரதப்பனின் நாற்காலிக்கு முன்னால் தோன்றியதையும், வரதப்பன் கையை லேசாக உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினதையும் பார்த்தாள். சுற்றுப்பாதையில் வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் நீலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையில் வந்த ஒவ்வொருத்தரையும் செருப்பைக் காலில் மாட்டச் சொன்னாள்.

"எழுத்தாச்சே தாயி," என்று சங்கிலி தயங்கினார். "அதைப் போயி செருப்புக் காலோட மிதிக்கச் சொல்றியே."

"நான் எழுதுன எழுத்து சித்தப்பா. எனக்கு வலிச்சா நான் சொல்றேன். நீங்க நிமிந்து நின்னு மிதிங்க."

அன்றைக்குக் காலையில் டீக்கடை முன்னால் காலனி ஆட்கள் செருப்புக் காலோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோன்றினார்கள். கிழவர் சங்கிலி நிமிர்ந்து பழக்கமில்லாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தே தோன்றினார், பார்க்க ஏதோ மிராசுதார் மாதிரி இருந்தது. மேலத்தெருவில் டம்ளர் வைக்கிற சத்தம் நின்றது. அன்றைக்குத்தான் அவர்களுக்கு, இந்த ஆட்கள் எந்த வழியாக வருகிறார்கள், யாரைக் கேட்டு வருகிறார்கள் என்ற விசாரணை எல்லாம் தோன்றியது.

நீலத்தை அழித்துவிட வேண்டும் என்று பேசினார்கள். ஆனால் அழிக்க வேண்டும் என்றால் காலனிக்குள் போக வேண்டும், அந்தத் தெருவில் கால் வைத்தால் தீட்டு என்று அவர்களே சொல்லிவைத்திருந்தார்கள், அவர்கள் கட்டுப்பாடே அவர்கள் காலைக் கட்டியது. டவுனிலிருந்து போலீஸ்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வந்து பார்த்துப் போட்டோ எடுத்தார். போட்டோவில் வெறும் கோலமாவுதான் விழுந்தது. கோலம் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். கடைசியில் வேப்பமரத்தை வெட்டினார்கள். தூரோடு பெயர்த்து, குழியை மூடி, பஸ்ஸையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு நீலத்தை மிதித்தவர்கள் ஒரு வெள்ளை இடத்தில் போய் நின்றார்கள். தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நிழல் கிடையாது, நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை என்று மட்டும் எங்கேயோ எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் அதுவே திருப்பி வேலுத்தாய் வாசலில் கொண்டுவந்து விட்டது. மிரளுவார்கள் என்று பார்த்தால், காலனி அதையும் பழகிக்கொண்டது. மாமியார் சண்டை தாங்காத மருமகள்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். கணக்குப் பாடம் படிக்கப் பிள்ளைகள் போனார்கள். சங்கிலி ஒரு பீடி பிடித்துவிட்டு வந்து, சத்தமில்லாத எடம், நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க பஸ் நிக்காது என்றார். அதுதான் விசயம். தீப்பெட்டி ஆபீசில் மறுபடியும் வெளியே நிறுத்தினார்கள்.

வேலுத்தாய் புத்தகத்தைத் திரும்ப எடுத்தாள். போய்ச் சேருகிற இடம் அழிந்தால் இணைப்பு செத்துவிடும், ஆகவே நிலையான விலாசத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்று பாடத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. முன்னால் அதைப் படிக்காமல் தாண்டியிருந்தாள். இந்த ஊரில் நிலையான விலாசம் எது என்று யோசித்தாள். மரத்தை வெட்டுகிறார்கள். டீக்கடையைத் தூக்கி வேறு இடத்தில் போடுவார்கள். ஒரு மனுசன் தன் கையாலேயே இடிக்கத் துணியாத இடம் எது என்று யோசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் தெளித்தாள். விலாசத்தில், தலைவர் வரதப்பன் வீட்டு வாசப்படி என்று எழுதினாள்.

அப்புறம் நடந்ததை மேலத்தெரு இன்னும் பேசுகிறது. வரதப்பன் பல் விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தோன்றித் தோன்றி, தள்ளிக்கிடுங்க என்று சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனார்கள். படியில் உட்கார்ந்து காவல் காத்தார், மடியிலேயே ஒரு பெண் வந்து தோன்றினாள், அலறிக்கொண்டு எழுந்தார். வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றினார். படிக்கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் போட்டார். வீடு அதே வீடாக இருந்தது, அவர்களும் அதே நேரத்துக்கு வந்தார்கள். அவர் சம்சாரம் அலமேலுவுக்கு மட்டும் இது அவ்வளவு கஷ்டமாகப் படவில்லை. நாலு ஆள் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாச்சு என்று உள்ளே நின்று சொன்னாள். கடைசியில் வரதப்பன் படியில் தோன்றின வேலுத்தாயை நிறுத்தினார்.

"ஏ வேலு, ஊர்ல வேற எடமா இல்ல உனக்கு?"

"மரத்தடியில எறங்குனோம், மரத்தை வெட்டுனீக. உங்க வீட்டை வெட்டமாட்டீகல்ல, அதான்."

"எட்டாப்புப் படிச்சிட்டு என்கிட்ட ஏத்தமா பேசுறியா நீ?"

"ஒரு புஸ்தகம், என் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல, நீங்கன்னுதான் கூப்பிடுது தலைவரே. நீங்க என்னைப் பொறந்ததுலருந்து பாக்குறீக."

வரதப்பன் தெருவில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "சரி, சுவத்துல ஒரு கதவு வச்சுத் தாரேன். காலையில தொறப்போம், பொழுதடைய பூட்டிக்கிடுவோம். அந்தக் கோலத்தை அழிச்சிரு."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"சாவிக்கு என்ன, ஊர்ப் பொதுவுல இருக்கும்."

"ஊர்ப் பொதுன்னா உங்க இடுப்புல. வேணாம்."

"அப்ப என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சுவரும் வேணாம்."

அவர் முகம் கறுத்தது. "அந்தச் சுவத்துல ஒரு கல்லை எடுக்குறதுக்கு முந்தி என் வீட்டை நானே இடிச்சுத் தரைமட்டமாக்குவேன், பாத்துக்க."

"உங்க வீடு. உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

கோபத்தில் சொன்ன பேச்சு, ஆறினால் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் வரதப்பன் சொல்லிவிட்டார், மேலத்தெரு கேட்டுவிட்டது, கேட்டவர்கள் அவரை மெச்சிவிட்டார்கள், மெச்சின பிறகு அவரால் அந்தப் பேச்சிலிருந்து இறங்க முடியவில்லை. அலமேலு அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டுப் பாத்திரங்களை எல்லாம் வண்டியில் ஏற்றித் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது, ஒரு மனுசன் அடுத்தவன் நடக்கக் கூடாது என்பதற்காகத் தன் வீட்டை இடிப்பானா என்று தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். வெயில் ஏறின நேரத்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ஜேசிபி வந்தது. மேலத்தெரு மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடியது.

சேதி சுடுகாட்டைச் சுற்றிக் காலனிக்கு வந்து சேர்ந்தது. சிலபேர் சந்தோசப்பட்டார்கள், இடியட்டும், பாவி என்றார்கள். சிலபேர் வெள்ளை இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்றார்கள். வேலுத்தாய் நீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குத் தெரியும், வீடு விழுந்தால் நீலம் செத்துவிடும், இனி இந்த ஊரில் அவள் எந்த விலாசத்தை எழுதினாலும் அதை இடிக்க அவர்களுக்கு வெறி இருக்கிறது, தன் வீட்டையே இடிக்கிறவன் எதைத்தான் விட்டுவைப்பான். எத்தனை நாளைக்கு விலாசம் தேடிக்கொண்டே இருப்பது. வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வீடு விழுறதுக்குள்ள எல்லாரும் போயிருவோம்," என்றாள். "சுத்தியலு, சம்மட்டி, மண்வெட்டி, என்ன இருக்கோ எடுத்துக்கங்க. சுவத்தைக் கட்டுன பக்கம் நின்னே இடிப்போம். இன்னைக்குத் திரும்பி வாரப்ப யாரும் சுத்தி வரப் போறதில்ல."

 கருத்தமுத்து சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். செம்பகம் பிள்ளையை முதுகில் தூளியாகக் கட்டிக்கொண்டு கையில் இரும்புச்சட்டியோடு வந்தாள். அது எதுக்கு என்று வேலுத்தாய் கேட்டதற்கு, கல்லை அள்ளணும்ல மதினி என்றாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாமல் பெண்கள் வந்தார்கள், புருசன் பெண்டாட்டி தகராறு போட்டவர்கள் சேர்ந்து வந்தார்கள், நீலம் என்றாலே பயந்து இத்தனை நாளும் மிதிக்காதவர்களும் அன்றைக்கு மிதித்தார்கள், மிதிக்க மிதிக்க வாசல் காலியானது.

அந்தப் பக்கம் ஜேசிபி வரதப்பனின் மாடியைத் தின்றுகொண்டிருந்தது. புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு, தோளில் கடப்பாரை, காலில் செருப்பு. டிரைவர் வெளியூர்ப் பையன், இடிக்கிற வீட்டுக்குள்ளிருந்து இத்தனை பேர் வருகிறார்களே என்று எந்திரத்தை நிறுத்தினான், ஆள் எல்லாம் வந்தாச்சான்னு சொல்லுங்கண்ணே என்று கேட்டான். கடைசியில் சங்கிலி வந்து, வந்தாச்சு தம்பி, நீ ஓட்டு என்றார். அவர் படியை விட்டு இறங்கினதும் நிலைக்கதவும் உத்தரமும் சேர்ந்து சரிந்தன. காலனியில் ஆளில்லாத வாசலில் எழுத்து வெளுத்து வெறும் மாவானது, செம்பகத்தின் ஆடு வந்து அதை முகர்ந்துவிட்டுப் போனது.

கடப்பாரையோடு வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் தன்னைத்தான் அடிக்க வருகிறார்கள் என்று வரதப்பன் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். அவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். யாரும் அவரைத் திட்டக்கூட இல்லை. கடைத்தெருவைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, வேடிக்கை பார்த்தவர்கள் ஒதுங்க ஒதுங்க, நேரே தெரு முடிகிற இடத்துக்குப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். சுவரின் மேலத்தெருப் பக்கம் வர்ணம் அடித்துச் சாமிப்படமும் கட்சிச் சின்னமும் வரைந்திருந்தார்கள். தங்கள் வீட்டுக்கு எதிரே இத்தனை அலங்காரம் இருப்பது காலனி ஆட்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலுத்தாய் கடப்பாரையை ஓங்கினாள். முதலில் வெறும் சத்தம்தான் வந்தது. நன்றாகக் கட்டின சுவர், கையைத் திருப்பி உதறியது. மறுபடி ஓங்கினாள். பக்கத்தில் இன்னொரு கை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை, தெரு அகலத்துக்கு ஆள் நின்று அடித்தார்கள், அடியும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்து சேர்ந்தன, நாற்று நடுகிற பெண்கள் போடுகிற குலவை மாதிரி ஒருத்தி தொடங்க மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சுவரில் ஒரு வெடிப்பு விட்டது, வெடிப்பு வழியாகக் காலனிப் பக்கத்து வெயில் ஒரு கோடாக வந்து விழுந்தது, கோடு கை நுழைகிற அளவானது, ஆள் நுழைகிற அளவானது, வண்டி நுழைகிற அளவானது. செம்பகம் கல்லை அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்டினாள். மேலத்தெருவில் யாரும் குறுக்கே வரவில்லை. ஒருவர், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

போலீஸ் ஜீப் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இறங்கின அதிகாரி ஒரு பக்கம் இடிந்த வீட்டைப் பார்த்தார், இன்னொரு பக்கம் இடிந்த சுவரைப் பார்த்தார், எதைப் பற்றிக் கேட்பது என்று கொஞ்சம் குழம்பினார். யார் இதை ஆரம்பித்தது, யார் கூட்டிவந்தது, இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அதட்டினார்.  வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடப்பாரையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"வீட்டுக்குப் போறோம் சார்," என்றாள். "நீங்க நிக்கிறது வழி."